ஒயினை ருசித்தீர்களா, ஃப்ரிட்ஜையா?

அன்புள்ள சார்,

கோடை விடுமுறையில் நண்பர்கள் எட்டுப் பேர் எங்கள் வீட்டில் கூடி, லேபிள் தெரியாமல் ஒயின் ருசிக்கும் போட்டி வைத்தோம். ஆறு வெள்ளை ஒயின்கள். முந்தைய நாளே ஃப்ரிட்ஜில் வைத்து, ஃபாயில் சுற்றி, எண் ஒட்டி, ஒவ்வொன்றாக ஊற்றினேன். 9 டாலர் மொஸ்காட்டோ முதலிடம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலியில் செய்த 45 டாலர் ரீஸ்லிங் கடைசி. ஒயின் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய நண்பர் ரீஸ்லிங்குக்குப் பத்துக்கு மூன்று போட்டார். ஃபாயிலைப் பிரித்ததும் ஆள் பேசவே இல்லை. 1976-இல் பாரிஸில் லேபிளை மறைத்து நடத்திய போட்டியில், கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்துப் பிரெஞ்சு நிபுணர்களும் இப்படித்தானே மூக்குடைபட்டார்கள்? விலை, வர்ணனை எல்லாமே சும்மாதானா? இன்னொன்று, வெயில் நாளில் சிவப்பு ஒயினையும் குளிரவைத்துக் குடிக்கலாமா?

எஸ்., மெல்போர்ன்

அன்புள்ள எஸ்.,

அந்த நண்பரை விட்டுவிடுங்கள், பாவம். உங்கள் மேசையில் அன்று இருந்த நிலையில் அந்த ரீஸ்லிங்குக்கு மூன்றுதான் கிடைத்திருக்கும்.

வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் ஒயினின் மணம் எழும்பாது. மணப்பொருட்கள் ஆவியாகிக் கிளாஸுக்குள் நின்றால்தானே மூக்குக்கு எட்டும்? நாக்கிலும் இனிப்பு மங்கிப் புளிப்பு முன்னால் வரும். கிளேர் ரீஸ்லிங்கோ பெரும்பாலும் இனிப்பே இல்லாத, புளிப்பு தூக்கலான சரக்கு. நீங்கள் கொடுத்த 45 டாலரில் பெரும்பங்கு அதன் மணத்துக்குத்தான். அதை ஃப்ரிட்ஜ் பிடித்து வைத்துக்கொண்டால் மிஞ்சுவது புளிப்பு மட்டும். மொஸ்காட்டோவுக்கு இந்த நஷ்டம் கிடையாது. அதிலுள்ள சர்க்கரையும் மஸ்கட் திராட்சையின் வாசனையும் எந்தக் குளிரையும் தாண்டி வரும். போதாததற்கு ஆல்கஹாலும் குறைவு, லேசான நுரை வேறு. 35 டிகிரி மாலையில் அது ஜெயிக்காமல் என்ன செய்யும்?

மொஸ்காட்டோவை எத்தனையாவதாக ஊற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ரீஸ்லிங்குக்கு முன்னால் என்றால், ஜிலேபி தின்ற வாயில் டீ குடித்த கதைதான். கொறிக்க மிக்சரும் கார முறுக்கும் இருந்திருக்கும் என்றும் ஊகிக்கிறேன். காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் இன்னும் எரியும், இனிப்பு அதைத் தணிக்கும். அதுவும் மொஸ்காட்டோவுக்கே சாதகம்.

பாரிஸை இதோடு சேர்க்காதீர்கள். அந்தப் போட்டியை நடத்திய ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பர்ரியர் அங்கே வெள்ளை ஒயின் சுற்றில் வைத்தது அத்தனையும் ஷார்டனே திராட்சையில் செய்தவை. கலிஃபோர்னியாவிலிருந்து ஆறு, பிரான்ஸின் பர்கண்டியிலிருந்து நான்கு. ஒரே திராட்சை, ஏறக்குறைய ஒரே பாணி. அதனால்தான் கலிஃபோர்னியாவின் 1973 ஷாட்டோ மாண்டலீனா முதலில் வந்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படி வலித்தது. நடுவில் ஒரு மொஸ்காட்டோவை நுழைத்திருந்தால் அந்த முடிவை யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள்.

நிபுணர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டில் ஒயினை மூன்று கிளாஸில் கொடுத்துப் பார்த்தார். 2008-இல் வெளியான அவருடைய கட்டுரைப்படி, மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் சுமார் 10 சதவீதம்தான். தொழிலாகச் செய்பவர்கள் நிலைமையே இது. ஆகவே வர்ணனையைக் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் உங்கள் போட்டி அதை நிரூபிக்கவில்லை.

அடுத்த முறை ரீஸ்லிங் மட்டும் வையுங்கள். கிளேர் ஒன்று, ஈடன் வேலி ஒன்று, ஜெர்மனியின் மோசல் ஒன்று. மோசலில் 'ட்ரோக்கன்' (இனிப்பு இல்லாதது) என்று லேபிளில் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இனிப்பு வந்து மறுபடி அதே வம்பு. நான்காவது எண்ணாக இந்த மூன்றில் ஒன்றையே திரும்ப வையுங்கள், யாரிடமும் சொல்லாமல். உங்கள் மதிப்பெண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அந்த ஒரு கிளாஸ் சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஜக்குகளில் மாற்றி ஒருவர் எழுத்து போடட்டும், அவர் போனபின் இன்னொருவர் அந்த எழுத்துகளை எண்களாக மாற்றட்டும். எது எது என்று தெரிந்தவரே ஊற்றினால் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊற்றுவதற்கு இருபது நிமிஷம் முன்பே வெளியே எடுங்கள். நான்கையும் சேர்த்தே ஊற்றுங்கள், தலைக்கு 40 மில்லி போதும். பேசாமல் மதிப்பெண் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அரை மணி நேரம் கழித்து, மிச்சம் வைத்ததை மறுபடி ருசித்துப் புதுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி, யார் ஜெயித்தார் என்பதில் அல்ல. மிக்சர் அதற்குப் பிறகு வரட்டும்.

சிவப்பு ஒயினைத் தாராளமாகக் குளிரவைக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. பிரான்ஸின் போஜொலே பகுதியில் கமே திராட்சையில் செய்வது, இலேசான பினோ நுவார் போன்றவை 12 முதல் 14 டிகிரியில் நன்றாக இருக்கும். அலமாரியில் இருந்த பாட்டிலை அரை மணி, முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் மாதிரி கனத்த சிவப்பு ஒயினை அந்த அளவுக்குக் குளிரவைத்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதை 18 டிகிரிக்குக் கொண்டுவந்தாலே உங்கள் ஊர் ஜனவரி வெயிலுக்குக் குளிர்ச்சிதான்.