தீசிஸும் வீடும்: ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

செல் உயிரியல் லேப் ஒன்றை நடத்துகிறேன். இரண்டு பிள்ளைகளின் அம்மா. ஆய்வையும் வீட்டையும் சேர்த்துக் கொண்டுசெல்வது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, செல் கல்ச்சர், அதாவது லேபில் செல்களை வளர்க்கும் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறும் லேபுக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. வெள்ளிக்கிழமை செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுகளுக்கு மாற்றும்போது வழக்கத்தைவிடக் குறைவாகப் போடுங்கள். சாதாரண செல் வகைகள் பெரும்பாலும் திங்கள் காலை வரை தாங்கும். ஒரே ஒரு வாரம் மூன்று அடர்த்திகளில் போட்டுப் பாருங்கள். திங்களன்று எந்தத் தட்டு முக்கால்வாசி நிரம்பியிருக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. ஸ்டெம் செல் என்றால் இது எடுபடாது. பக்கத்து மேசைக்காரரோடு வாரம் மாற்றி வாரம் முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: புதன்கிழமை தொடங்கும் ஐந்து நாள் சோதனை ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் நிற்கும். திங்களன்று தொடங்குங்கள்.

கேள்வி: பிஎச்டி தீசிஸுக்கு இன்னும் ஒரு வருடம். அதுவரை வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, முடிந்ததும் ஈடுகட்டலாம் என்றிருக்கிறேன்.

பதில்: வேண்டாம் தம்பி. தீசிஸுக்குப் பின் பேப்பர், அதற்குப் பின் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி), அதற்குப் பின் நிதி விண்ணப்பம். 'முடிந்ததும்' என்றொரு நாள் இந்தத் தொழிலில் வராது.

நான் போஸ்ட்டாக்காக இருந்தபோது ஒரு மாலை மைக்ரோஸ்கோப்பில் செல் எண்ணிக்கொண்டிருந்தேன். இடது கையில் எண்ணும் கருவி, 212 காட்டியது. அப்பா போனில் கூப்பிட்டார். எடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று எடுக்கவில்லை. எண்ணைத்தான் கருவியே வைத்திருக்கிறதே, அதுகூட அப்போது தோன்றவில்லை. இரவு நான் கூப்பிட்டபோது தூங்கிவிட்டார். அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று கேட்க எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

கேள்வி: கைடு இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்.

பதில்: "காலையில் பதில் சொன்னால் போதுமா சார்?" என்று நேரிலேயே கேளுங்கள். மறந்துவிடக் கூடாதே என்றுதான் பலர் அந்நேரத்தில் அனுப்புகிறார்கள். சரி என்றால், அதையே ஒரு மெயிலாகவும் எழுதி வையுங்கள்.

கேள்வி: மேடம், இதெல்லாம் சமாதானம். பெரிய விஞ்ஞானிகள் குடும்பம் பார்த்துக்கொண்டா சாதித்தார்கள்? 14 மணி நேரம் லேபில் கிடந்தால்தான் ஆய்வு.

பதில்: டார்வின் கவனம் குவித்து உழைத்தது நாளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். மற்ற நேரம் நடை, கடிதம், ஓய்வு. பத்துப் பிள்ளைகளின் அப்பா. அவருக்குச் சொத்தும் வேலையாட்களும் மனைவி எம்மாவும் இருந்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். மேரி க்யூரிக்கு 1897-இல் ஐரீன் பிறந்தாள், 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டுகளில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் மாமனார் யூஜீன். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது யார்?

அதே நண்பர்: மனைவி பார்த்துக்கொள்கிறார். ஆனால் என் லேபில் அதிக நேரம் இருப்பவர்தான் அதிக பேப்பர் போடுகிறார். இது கண்ணால் பார்ப்பது.

பதில்: பாதியில் விட்டுப்போனவர்களை எண்ணினீர்களா? பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் 3,659 பிஎச்டி மாணவர்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், 32 சதவீதம் பேர் மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் நிலையில் இருந்தார்கள். அதோடு நெருங்கிய தொடர்பு காட்டியவற்றில் ஒன்று, வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி. அமெரிக்காவில் 2019-இல் வந்த ஆய்வு இன்னும் கசப்பானது: அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முழுநேர வேலையிலிருந்தவர்களில், முதல் குழந்தைக்குப் பின் தாய்மாரில் 43 சதவீதமும் தந்தையரில் 23 சதவீதமும் அந்த வேலையை விட்டிருந்தார்கள். உங்கள் கண்ணில் படுவது மிஞ்சி நின்றவர்கள் மட்டும்.

இன்னொருவர்: அண்ணா, உங்கள் மனைவியும் ஆய்வாளரா?

அதே நண்பர்: இருந்தார். இரண்டாவது வருடம் நிறுத்திவிட்டார்.

பதில்: இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். திரும்பிப் போக விருப்பமா, வாரத்தில் எந்த மாலைகளை நீங்கள் ஏற்றால் முடியும் என்று கேளுங்கள். அவருடைய பழைய கைடுக்கு எழுத வேண்டிய மெயிலில் உதவி தேவையென்றால் நான் செய்கிறேன்.

கேள்வி: தியானம் நல்லதா, யோகாவா?

பதில்: என் துறை இல்லை. இரண்டு வாரத்துக்கும் மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தீசிஸ் முடிந்ததும் கல்யாணம் என்று சொல்லிவிடவா?

பதில்: 'முடிந்ததும்' பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் வைவா (தீசிஸ் வாய்மொழித் தேர்வு). நான்கு மாதக் குழந்தை, தாய்ப்பால். நடுவில் எழுந்து போகக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ?

பதில்: இன்றே கேளுங்கள்மா. தேர்வுக் குழுத் தலைவருக்கு இரண்டு வரி போதும்: "தாய்ப்பால் கொடுக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு 20 நிமிட இடைவெளியும், உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறையும் வேண்டும்." மன்னிப்பு எதுவும் சேர்க்காதீர்கள். பாலூட்டிவிட்டு உள்ளே போங்கள். குழந்தையை வைத்திருப்பவர் அடுத்த அறையிலேயே இருக்கட்டும். நாளை மதியத்துக்குள் பதில் வராவிட்டால் போன் செய்து கேளுங்கள்.