மைக்ரோ ஆர்.என்.ஏ ரத்தப் பரிசோதனை அப்பாவுக்குத் தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஆரம்பித்தது, தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துவரும் ஏ.எல்.எஸ். நோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ பார்த்தால் நோயின் வேகம் தெரியும் என்கிறார் ஒரு உறவினர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உறவினர் சொன்னது வெறும் புரளி இல்லை.

முதுகுத்தண்டில் இருக்கும் ஒரு மோட்டார் நியூரானின், அதாவது தசையை இயக்கும் நரம்பு செல்லின் இழை, பாதத்துத் தசை வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் போகிறது. இவ்வளவு நீண்ட செல்லில் புரதங்களின் அளவு பிசகினால் தாங்காது. அந்த அளவைப் பிடித்துவைப்பவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களும் உண்டு. சுமார் 22 எழுத்து (வேதி அலகு) நீளமே உள்ள ஆர்.என்.ஏ துணுக்குகள் இவை. புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ-வில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைக்கும். இதைக் கண்டறிந்ததற்குத்தான் விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

மோட்டார் நியூரானில் மிர்-218 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ ஏராளம். அது இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் பிழைக்கவில்லை. தசையில் இருப்பது மிர்-206. உங்கள் அப்பாவின் கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருக்கிறதா, பாருங்கள். நரம்பு விட்டுப்போன தசை அது. இப்படி நரம்பை இழந்த தசை மிர்-206ஐக் கூட்டி, நரம்பு திரும்ப வந்து ஒட்டிக்கொள்ள வழி செய்கிறது. ஏ.எல்.எஸ். எலிகளில் அதை நீக்கியபோது நோய் வேகமெடுத்தது என்று 2009இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தசை அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

சரி, பிறகு ஏன் வேண்டாம்? மிர்-206 வேறு தசை நோய்களிலும் ரத்தத்தில் கூடும். மிர்-181 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ அதிகம் இருந்த ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு ஆயுள் குறைவு என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அது நோயாளிகளைக் கூட்டமாக வைத்துப் பார்த்த கணக்கு. உங்கள் அப்பாவுக்கு எந்த மருந்து என்பதை அந்த எண் மாற்றாது.

அந்தப் பணத்தை மரபணுப் பரிசோதனைக்கு வையுங்கள். எஸ்.ஓ.டி.1 மரபணுவில் பிழை இருப்பவர்கள் சிலரே. அவர்களுக்கென்று டோஃபர்சென் என்ற மருந்தை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. ஏ.எல்.எஸ். மருந்தான ரிலுசோலை நிறுத்தாதீர்கள். எடை குறையவிடாதீர்கள். நுரையீரல் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். உரிய நேரத்தில் இரவில் பைபேப் (முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் கருவி) வைத்தால் ஆயுள் கூடும்.

அப்புறம், காலையில் தலைவலிக்கிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால் மூச்சுத் தசைகள் தளர்வதாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்க்க அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.