மேடையில் பெயர் வாங்கியவரா, கற்றுக்கொடுக்கத் தெரிந்தவரா? ஓப்பரா குரல் பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

பெரிய அரங்குகளில் பாடிப் புகழ் பெற்றவரிடம் கற்றால்தான் ஓப்பரா குரல் அமையும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், மதுரை

இல்லை. ஓப்பரா உலகம் முழுவதும் குருவாக மதிக்கும் மானுவல் கார்சியா மேடையில் நிலைக்காதவர். அவருடைய அப்பாவும் மானுவல் கார்சியாதான். 1816இல் ரோமில் இசையமைப்பாளர் ரோசினியின் ‘செவில்லின் சவரத் தொழிலாளி’ முதன்முதலாக மேடையேறியபோது அதன் நாயகனாகப் பாடிய பெரிய டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல் பாடகர், அவர். மகன் 1825இல் அப்பாவின் குழுவோடு நியூயார்க் போய்ப் பாடினார். இளம் குரலுக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. இருபத்தைந்து வயதுக்குள் மேடையை விட்டார்.

அதன்பின் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தபடி தொண்டையின் உடற்கூற்றைப் படித்தார். 1854இல் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தன் உள்நாக்கின் பக்கம் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பி, பாடும்போது தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். காது மூக்கு தொண்டை மருத்துவர் இன்று குரல்வளையைப் பார்க்கும் முறைக்கு அதுதான் அடித்தளம். லண்டன் ராயல் அகாடமியில் 1848 முதல் 1895 வரை கற்பித்தார். 101 வயது வரை வாழ்ந்தார்.

ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் 20 வயதில், அளவுக்கு மீறிப் பாடிக் குரல் தேய்ந்த நிலையில், 1841இல் பாரிஸில் அவரிடம் வந்தார். கார்சியா உடனே பாடம் தொடங்கவில்லை. ஆறு வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபின் சுமார் பத்து மாதப் பயிற்சி. ஐரோப்பாவே கொண்டாடிய குரல் அதன்பிறகு வந்தது. பாடாதே என்று சொல்லத் தெரிவதும் ஆசிரியத் திறமைதான்.

மேடையில் நன்றாகப் பாடி, பிறகு நன்றாகக் கற்பித்தவர்களும் உண்டு. பாடகி ரெனாட்டா தெபால்டியை உருவாக்கிய கார்மென் மெலிஸ், பாடகி மரியா கல்லாஸை ஏதென்ஸில் பயிற்றுவித்த எல்விரா தெ இதால்கோ இருவருமே மேடை கண்டவர்கள். கல்லாஸ் தன் பாடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டார். மற்ற மாணவர்களின் பாடங்களையும் நாள் முழுவதும் உட்கார்ந்து கேட்பார். குருவின் வீட்டில் அடுத்த சிஷ்யர் பாடம் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கனத்த குரலுக்கு ஒரு திருத்தம், மெல்லிய குரலுக்கு வேறு திருத்தம் என்பது அப்படித்தான் பிடிபடும்.

ஆகவே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எங்கே பாடினார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவருடைய மாணவர்கள் ஐந்தாறு பேரைக் கேளுங்கள். எல்லோரும் ஆசிரியரின் குரலையே நகல் எடுத்ததுபோல ஒலித்தால் யோசிக்க வேண்டும். ஒவ்வொருவரும் வேறு வேறு நிறத்தில் ஒலித்து, யாருக்கும் கழுத்து நரம்பு புடைக்காமல் இருந்தால் அவரிடம் சேருங்கள்.

எழுபது எண்பது வாத்தியங்களுக்கு மேலே மைக் இல்லாமல் ஒரு குரல் எப்படிக் கேட்கிறது? தொண்டை பலம்தானா?
– வாசகர், திருநெல்வேலி

தொண்டை பலத்தால் பாடினால் ஒரே வருடத்தில் குரல் போய்விடும். சூட்சுமம் அதிர்வெண்ணில் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 450, 500 ஹெர்ட்ஸ் அருகில் மிக வலுவாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக மெலியும். பயிற்சி பெற்ற ஓப்பராக் குரலில், முக்கியமாக ஆண் குரல்களில், 3000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு ஒலிக்குவியல் உருவாகிறது. வாத்தியங்கள் மெலிந்திருக்கும் இடத்தில் குரல் வலுவாக நிற்கிறது. நம் காதும் அந்த இடத்தில் கூர்மையானது.

ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதற்குக் காரணம் விளக்கினார். குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள குறுகிய குழாயின் வாய், அதற்கு மேலிருக்கும் தொண்டைக்குழியின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அந்தக் குழாய் தனியே ஒத்ததிர்கிறது. கொட்டாவி தொடங்கும் கணத்தில் குரல்வளை இறங்கித் தொண்டை விரிகிறதே, ஆசிரியர்கள் தேடுவது அந்த நிலையை. ஆனால் கொட்டாவியைத் தொடக்கத்தோடு நிறுத்த வேண்டும். முழுக் கொட்டாவியில் நாக்கின் அடி பின்னே போய் அடைத்து, குரல் குடத்துக்குள் பேசுவதுபோல ஆகும். பாடுகிறவருக்குத் தன் காதில் அது கம்பீரமாகக் கேட்கும், மூன்றாவது வரிசைக்கு மேல் போகாது. புது மாணவர்கள் மிக அதிகமாக விழும் குழி இதுதான். கைபேசியில் பதிவு செய்து பத்தடி தள்ளி வைத்துக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

சோப்ரானோ எனப்படும் உயர்ந்த பெண் குரல்களின் மேல் ஸ்தாயியில் வேறு முறை. அங்கே வாயைத் திறந்து, உயிரெழுத்தின் வடிவத்தை ஸ்வரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். உச்சத்தில் சொல் தெளிவாகக் கேட்காமல் போவதற்குக் காரணம் அதுதான், பாடகியின் அலட்சியம் அல்ல.

என் மகளுக்கு 17 வயது. எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறாள், 5 கட்டை சுருதி. ஓப்பரா கற்க ஆசைப்படுகிறாள். முடியுமா? பழைய பயிற்சி இடைஞ்சலாகுமா?
– ஒரு தாய், திருச்சி

முடியும். ஸ்வர ஞானம், தாளக் கட்டுப்பாடு, நினைவாற்றல் மூன்றும் அவளுக்குக் கைமுதல். மாற்ற வேண்டியவையும் உண்டு.

முதலாவது சுருதி. கர்நாடக சங்கீதத்தில் பாடுகிறவர் தன் சாரீரத்துக்கு ஏற்ற கட்டையை வைத்துக்கொள்கிறார். ஓப்பராவில் இசையமைப்பாளர் எழுதிய சுருதிதான், குரல்தான் அங்கே போக வேண்டும். உங்கள் மகளின் 5 கட்டை என்பது ஜி. சோப்ரானோ தொட வேண்டிய மேல் சி, அவளுடைய மத்ய ஸ்தாயி சட்ஜத்துக்கு மேலே இரண்டு ஸ்தாயி தாண்டிய சுத்த மத்யமம். தார ஸ்தாயி பஞ்சமம் வரை நெஞ்சுக் குரலையே ஏற்றிக்கொண்டு போன பழக்கம் இருந்தால் அதற்கு மேல் கதவு திறக்காது. தலைக்குரலை, அதாவது மேல் ஸ்தாயியின் மெல்லிய குரலை, மேலிருந்து கீழே இறக்கிப் பழக வேண்டும். தார பஞ்சமத்தில் ‘ஊ’ என்று மெல்லப் பிடித்து, ஐந்து ஸ்வரம் இறங்கி, பிறகு அதையே அரைச் சுருதி ஏற்றிச் செய்வது நல்ல தொடக்கம். ஆரம்பத்தில் குரல் காற்றடைத்து, பலமில்லாமல் இருக்கும். அது இயல்பு. சத்தத்தைக் கூட்டி அதை மறைக்கக் கூடாது.

இரண்டாவது மூச்சு. இத்தாலியர்கள் இதை அப்போஜ்ஜோ என்பார்கள், சாய்ந்து நிற்பது என்று பொருள். விலா எலும்புகள் விரிந்த நிலையிலேயே நிற்க, காற்று மெல்லக் கசிய வேண்டும். ஐந்து எண்ணிக்கைக்கு உள்ளிழுத்து, தொண்டையை அடைக்காமல் ஐந்து எண்ணிக்கைக்கு நிறுத்தி, ஐந்துக்கு வெளிவிட வேண்டும். இடைவெளி விடாமல் அடுத்த சுற்றில் ஆறு, பிறகு ஏழு. தோள் உயர்ந்தால் சுற்று தவறு. மார்பு நிறைய அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் முழுவதும் குரல் நாண்களின்மேல் விழுந்து சுருதி ஏறிவிடும்.

மூன்றாவது சாதக நேரம். விடியற்காலையில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் அகார சாதகம் செய்த குழந்தைக்கு இது சங்கடமாக இருக்கும். கார்சியாவின் மாணவி மத்தில்டே மார்கேசி, ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பாவை உருவாக்கியவர், தொடக்க மாணவிகளுக்கு ஒரு நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், அப்படி நாளுக்கு மூன்று நான்கு தடவை மட்டுமே அனுமதித்தார். பிறகு ஐந்து ஐந்து நிமிடமாக அரை மணிவரை கூட்டினார். முழு வீச்சில் பாடும் குரலுக்கு இடையில் ஓய்வு தேவை என்பதுதான் காரணம்.

கமகத்தை மறக்கச் சொல்ல வேண்டாம். இரண்டு பாடத்தையும் வேறு வேறு நேரத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதல் ஒன்றிரண்டு வருடம் பழைய இத்தாலியப் பாடல்கள், 1830களில் நிக்கோலா வக்காய் எழுதிய பயிற்சிப் பாடல்கள், பிறகு மோட்சார்ட். வெர்டி, வாக்னரின் கனமான பாத்திரங்களை முப்பதை நெருங்கும்வரை தொடவே வேண்டாம். 17 வயதில் குரலின் வகையை முடிவு செய்து முத்திரை குத்தும் ஆசிரியரை நம்பாதீர்கள்.

சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் மேற்கத்தியக் குரலிசை கற்பிக்கிறார்கள். லண்டன் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகிய பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளைத் தமிழ்நாட்டிலிருந்தே எழுதலாம். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் நிலைக்குப் போகுமுன் ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டுத் தேர்வு பொதுவாகக் கட்டாயம், அதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். மும்பையில் பிறந்து, லண்டன் ராயல் காலேஜில் கற்பிக்கும் சோப்ரானோ பாட்ரிசியா ரொசாரியோ இந்தியாவுக்கு வந்து இளம் பாடகர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தருகிறார். அப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பார்வையாளராகவாவது அனுப்புங்கள்.

ஆசிரியர் வேறு, கோச் வேறு என்கிறார்களே?
– வாசகி, புதுச்சேரி

குரலைக் கட்டுகிறவர் ஆசிரியர். பியானோவில் உட்கார்ந்து பாத்திரத்தையும், மொழி உச்சரிப்பையும், எந்த இடத்தில் மரபாக நீட்டுவார்கள் என்பதையும் சொல்லித் தருகிறவர் கோச், பெரும்பாலும் பியானோக் கலைஞர். இருவரும் தேவை. ஆனால் குரல் கட்டப்படும் முன்பே கோச்சிடம் போய்ப் பாத்திரம் பாடம் செய்வது, அஸ்திவாரம் காயும் முன் மாடி எழுப்புவது. இத்தாலிய டெனர் பாவரோட்டி 1954இல் மொதேனாவில் அர்ரிகோ போலா என்ற டெனரிடம் கற்கத் தொடங்கினார். ஆரம்ப மாதங்களில் ஸ்வரப் பயிற்சியும் உயிரொலிகளும் மட்டும்தான். போலா ஜப்பான் போனபிறகு மாந்துவாவில் கம்போகல்லியானியிடம் பாடம். முதல் மேடை 1961 ஏப்ரலில். இடையில் பள்ளி ஆசிரியராகவும் காப்பீட்டு முகவராகவும் பிழைத்தார். ஏழு வருடம் என்பது நீண்ட காலமே இல்லை.

மேடையில் பாடிக்கொண்டே கற்பித்துப் பிழைக்க முடியுமா? என் தம்பி ஜெர்மனியில் குரலிசை படிக்கிறான்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பெரும்பாலோர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஜெர்மனியின் அரசு உதவி பெறும் அரங்குகளில் நிரந்தரக் குழுவில் இடம் கிடைத்தால் மாதச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் ஒவ்வொரு பருவமாக நீள்வது. நீட்டிக்க விருப்பமில்லை என்றால் அரங்கம் பொதுவாக அக்டோபர் 31க்குள் தெரிவிக்க வேண்டும். அதனால் இலையுதிர் காலம் பாடகர்களுக்குப் பதற்றமான காலம். ஒரே அரங்கில் 15 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால் எளிதில் வெளியேற்ற முடியாது. அந்த எல்லையைத் தொடுமுன்பே பலருக்கு விடைகொடுத்துவிடுகிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வேதனை. நாற்பதைத் தாண்டிய வயதில் அது நடந்தால், கைகொடுப்பது கற்பிக்கும் தொழில்தான்.

ஆகவே உங்கள் தம்பி படிக்கும்போதே கற்பித்தல் பாடத்தையும் எடுத்துக்கொள்வது நல்லது. இசைக் கல்லூரிகளில் மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் கற்பிப்பவர்களுக்குப் பாடம் நடக்கும் வாரங்களுக்கே ஊதியம், விடுமுறையில் வருமானம் நின்றுவிடும். பேராசிரியர் பதவி மிகச் சிலருக்கே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேடை அனுபவத்தோடு முனைவர் பட்டமும் பல இடங்களில் கேட்கிறார்கள். தனியாக மாணவர் வைத்துக்கொண்டால், வராத பாடத்துக்கும் கட்டணம் உண்டா, எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய கவலை குரல். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை ஒரு நிமிடம் பிடித்தால் குரல் நாண்கள் 26,400 தடவை மோதுகின்றன. இதில் பாடிக் காட்டுவதைவிடப் பேசுவதுதான் ஆசிரியர்களை அதிகம் கெடுக்கிறது. மாணவர் பாடும்போதே, பியானோ ஒலிக்கும்போதே, அதற்கு மேலே கத்தித் திருத்தம் சொல்வார்கள். நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். 45 நிமிடப் பாடம், 15 நிமிட மௌனம், தொடர்ந்து நான்கு பாடத்துக்கு மேல் வேண்டாம். நிகழ்ச்சி நாளில் பாடமே வேண்டாம். இன்னொரு குரல் வகையைப் போலப் பாடிக் காட்டுவதும் ஆபத்து: பாஸ் எனப்படும் தாழ்ந்த ஆண் குரல் ஆசிரியர் சோப்ரானோவுக்கு ஸ்வரத்தைப் பியானோவில் தட்டிக் காட்டினால் போதும்.

நாள் முடிவில் குளிர்பானம் குடிக்கும் குழாய் ஒன்றை எடுத்து, நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரில் வைத்து, அதன் வழியாக ‘ஊ’ என்று கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் வழுக்கிப் போகட்டும். ஐந்து நிமிடம். குழாயில் உண்டாகும் எதிரழுத்தம் குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஓங்கி மோதாமல் தடுக்கிறது.

பிரபலங்கள் நடத்தும் மாஸ்டர் கிளாஸில் பணம் கட்டிச் சேரலாமா?
– வாசகி, கோவை

குரல் ஓரளவு கட்டப்பட்டபின் சேரலாம். சபை முன்னால் இருபது முப்பது நிமிடத்தில் யாரும் யாருடைய மூச்சையும் மாற்ற முடியாது. சொல்லின் பொருள், ஒரு வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது, மேடையில் நிற்பது ஆகியவற்றுக்கே அது உதவும். சோப்ரானோ லோட்டே லெமான் 1951இல் மேடையை விட்டபின் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடத்திய வகுப்புகள் அப்படிப்பட்டவை. ஆனால் அங்கே கற்ற பாடகி கிரேஸ் பம்ப்ரி அவரிடம் மூன்று வருடம் தொடர்ந்து இருந்தார்.

பாடம் முடிந்து வந்தால் தொண்டை கரகரக்கிறது. ‘ஆரம்பத்தில் அப்படித்தான்’ என்கிறார் ஆசிரியர். சரியா?
– வாசகர், சென்னை

சரியில்லை. உடல் களைக்கலாம், விலா, முதுகுத் தசை வலிக்கலாம். தொண்டை கரகரக்கக் கூடாது. பாடம் முடிந்து அரை மணியில் பேச்சுக் குரல் பழைய நிலைக்கு வராவிட்டால், அன்று செய்த எதோ தவறு. மறுநாள் காலையிலும் மேல் ஸ்வரத்தை மெல்லிய குரலில் பிடிக்க முடியாவிட்டால் அன்று ஓய்வு. மெல்லிய குரலில் மேல் ஸ்வரம்தான் முதலில் போகும், ஓங்கிப் பாடும்போது அந்தக் குறை ஒளிந்துகொள்ளும். அதனால் தினமும் காலையில் அதை மட்டும் சோதித்துக் குறித்து வையுங்கள்.

இரண்டு மூன்று வாரம் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ஸ்ட்ரோபோஸ்கோப் (மின்னும் ஒளியில் நாண்களின் அசைவை மெதுவாகக் காட்டும் கருவி) வைத்துக் குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு முடிச்சுகள் இருந்தால் பெரும்பாலும் முதலில் குரல் சிகிச்சைதான், கத்தி அல்ல. மருத்துவரிடம் பேசிக் காட்டுவதோடு நிறுத்தாமல், எந்த ஸ்வரத்தில் குரல் உடைகிறதோ அதைப் பாடிக் காட்டுங்கள். அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.