வீட்டில் உள்ளவர்களால் நம் அன்றாடப் பயணங்கள் மாறுமா?

நிச்சயம் மாறும். வீட்டில் மிகக் குறைவாக வெளியே போகிறவரே மற்றவர்களின் பயணத்தை அதிகம் தீர்மானிக்கிறார் என்பது என் அனுபவம்.

நாங்கள் உப்புவெளியில் வசிக்கிறோம். கணவருக்குச் சீனக்குடாவில் வேலை. என் அலுவலகமும் மகளின் பாடசாலையும் திருகோணமலை நகரத்தில். இருந்தது ஒரே மோட்டார் சைக்கிள், அதன் பின் இருக்கை மகளுக்கு, எனக்கு பஸ். மாமிக்குக் கிளினிக் நாள் வந்தால் அந்த இருக்கை மாமிக்குப் போகும். நம்பர் எடுப்பதற்காக கணவரும் மாமியும் விடியுமுன் புறப்படுவார்கள், மகள் 7.30க்குப் பாடசாலையில் நிற்க வேண்டும் என்பதால், 8.30க்கு வேலை தொடங்கும் நானும் அவளோடு முந்திய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்காக இருட்டோடு எழுந்து சமைக்க வேண்டும்.

இதை ஒரு மருமகளின் புலம்பல் என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆனால் இன்னொருவருடன் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் ஒருவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று சுவீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இலேயே எழுதியிருக்கிறார். மாமியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2022இல் எரிபொருளை அளவாகப் பங்கிடும் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றானபோது, மகளின் கொப்பித் தாளில் வாரத்து ஓட்டங்களை எழுதி ஒவ்வொன்றாக வெட்டினோம். முதலில் வெட்டுப்பட்டது மூதூரிலுள்ள என் அம்மாவைப் பார்க்கப் போவது. கணவரின் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் கடைசிவரை வெட்டுப்படவில்லை. எரிபொருள் குறையும்போது யாருடைய பயணம் அவசியமானது என்பதை, சாவி வைத்திருப்பவரே முடிவு செய்கிறார் என்பதை அன்று கண்டேன். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பின்னர் நான் ஸ்கூட்டர் பழகி, பாவித்த ஒன்றை என் சம்பளத்தில் வாங்கினேன். அதனால் என்னைவிட மாமியின் நடமாட்டமே கூடியது: கிளினிக்குக்கு மட்டும் படலையைத் தாண்டியவர் வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு என்னோடு வரத் தொடங்கினார், அவர் கேட்காமல் அடக்கி வைத்திருந்த பயணம் அது. கணவரும் மகளை என்னிடம் விட்டுவிட்டு நேரே வேலைக்குப் போகிறார்.

இப்போது எங்கள் ஒழுங்கைக் குலைப்பது டியூசன். வெள்ளி மாலை வகுப்பை 6.30க்கு மாற்றியதாக ஆசிரியர் அன்று மதியம்தான் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். இருட்டில் பிள்ளையைத் தனியே விட முடியாததால் நான் அங்கே காத்திருந்தேன், மாமியின் கோயில் நின்றுபோயிற்று. வகுப்பு நேரத்தை மாற்றுபவர்கள் ஒரு வாரம் முன்னதாகவாவது பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும்.