சிறுதொழிலில் திசை மாறியவர்கள் பழகிய வேலைக்கே திரும்புவது ஏன்?

சிறுதொழிலில் திசைமாற்றம் என்பது, இடமும் ஆட்களும் அப்படியே இருக்க, செய்யும் பொருளையோ பணம் வரும் வழியையோ மாற்றிக்கொள்வது. அது ஒத்துவராதபோது கைவந்த வேலையை மீண்டும் எடுப்பதே திரும்புதல்.

கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிகளில் பெரும்பாலானவை கூலிக்கு நெய்பவை. ஜவுளி உற்பத்தியாளர் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் தருவார். தறிக்காரர் துணியாக்கிக் கொடுத்து, நெய்த அளவுக்குக் கூலி பெறுவார். கூலி உயரவில்லையே என்று ஒருவர் சொந்தமாக நூல் வாங்கி நெய்து விற்கத் தொடங்கினால், தறி அதுவேதான், தொழில் வேறு. நூலுக்கு உடனே பணம் கட்ட வேண்டும், துணிக்கான பணமோ வாரக்கணக்கில் தாமதித்து வரும், இடையில் நூல் விலை இறங்கினால் நெய்து அடுக்கிய துணியின் விலையும் இறங்கும். இந்த இடைவெளியைத் தாங்கும் கைமுதல் இல்லாததே அவர் கூலி நெசவுக்குத் திரும்ப முதற்காரணம், திறமைக் குறைவு அன்று என்பது என் உறுதியான கருத்து.

பழக்கம் தரும் அறிவும் ஒரு காரணம். ஓசை சற்று மாறியதுமே எந்தத் தறி நின்றது என்று திரும்பிப் பாராமல் அறிபவருக்கும், எந்த வியாபாரி சொன்ன தேதியில் பணம் தருவார் என்று அறிய ஆண்டுகள் பிடிக்கும். மின்சாரம் போன இரவிலும் நம் வீட்டுச் சமையலறையில் கை தானாக உப்புச் சாடிக்குப் போகிறது; விருந்துக்குச் சென்ற வீட்டில் விளக்கு எரிந்தாலும் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

திரும்பியவர் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார் என்று பலர் எண்ணுவது தவறு: நூல் விலையும் துணி விலையும் அறிந்துகொண்ட அவர், அடுத்த கூலிப் பேச்சுக்குக் கணக்கோடு வந்து உட்காருகிறார்.