யாரையும் சேர்க்க வாய் வரவில்லை, நான் கோழையா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 38. சோப்பு, துப்புரவுத் திரவங்கள், சருமப் பராமரிப்புப் பொருட்கள் விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். விற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பொருளைப் பற்றி நன்றாகத் தெரியும். ஒருவருடைய சருமத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால், "இது உங்களுக்கு வேண்டாம்" என்று நானே சொல்லிவிடுவேன். அதனாலேயோ என்னவோ, மாதம் தவறாமல் என்னிடமே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆள் சேர்ப்பதில்தான் சிக்கல். "வித்து எவ்வளவு சம்பாதிச்சிடப் போறீங்க? டீம் கட்டினாதான் வளர்ச்சி" என்கிறார் என் அப்லைன், அதாவது எனக்கு மேலே இருக்கும் லீடர். அடுத்த நிலைக்குப் போக எனக்கு நேர்கீழே ஆறு பேர் வேண்டும். தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். முதல் பெயர் என் பெரியம்மா மகள். "ஒரு நல்ல விஷயம் பேசணும், நேர்ல சொல்றேன்" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். லீடர் சொல்லிக்கொடுத்த வாசகம் அது. என்ன விஷயம் என்று முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாதாம். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. முன்பெல்லாம் ஒன்றுமில்லாத விஷயத்தைக்கூட மணிக்கணக்கில் பேசுவோம். இப்போது நான் கூப்பிட்டாலே, "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறார்.

இன்னொருத்தி, என்னோடு முன்பு வேலை பார்த்த தோழி. கூட்டத்துக்குச் சும்மா வந்து பார் என்று கூட்டிப்போனேன். லீடர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பேச, அங்கேயே ஐடி போட்டு உறுப்பினராகிவிட்டாள். முதல் ஸ்டாக் வந்த அட்டைப்பெட்டி, ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல், இன்னும் அவள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது யாரிடமும் பேச்சை எடுக்க முடியவில்லை. போனை எடுக்கிறேன், எண்ணைப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். "இது மனத்தடை, உடைச்சிட்டு வெளிய வாங்க" என்கிறார் லீடர். கணவரோ மொத்தமாக விட்டுவிடு என்கிறார். விடவும் மனமில்லை, என் கையில் வரும் என் காசு இது. நான் கோழையா? என்னை எப்படி மாற்றிக்கொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

விற்பனை போனாலும் பரவாயில்லை என்று வாடிக்கையாளரிடம் "வேண்டாம்" என்று சொல்கிற நீங்கள் கோழை இல்லை. உங்கள் தயக்கத்துக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எதிரில் இருப்பவர் மறுத்துவிடுவாரோ என்ற பயம். மற்றொன்று, நம்மை நம்பிச் சரி என்று சொல்லிவிட்டு அவர் கஷ்டப்படுவாரோ என்ற கவலை. முதலாவதைப் பழகிப் பழகிக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத் தயவுசெய்து குறைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லீடர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மனத்தடை என்று பெயர் வைத்துவிட்டார். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

மறுப்பு வலிக்கத்தான் செய்யும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கணினியில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றிப் போடும் ஒரு சின்ன விளையாட்டை ஆட வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் ஒருவருக்குப் பந்தே போடாமல் ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவரின் மூளையில், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது தெரிந்தது. முகம் தெரியாதவர்கள் திரையில் ஒதுக்கியதற்கே இப்படி என்றால், அக்காவின் நீல டிக் உங்களை வாட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அக்கா உங்களை வெறுத்து ஒதுக்குகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் மாட்டேன் என்று சொல்ல வேண்டிய நிலைமையிலிருந்துதான் அவர் தப்பித்துக்கொண்டிருக்கிறார். உதவி கேட்பவர்களைப் பற்றி ஃபிளின், போன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் சின்னச் சின்ன உதவி கேட்கப் போனவர்கள், எத்தனையோ பேரைக் கேட்டால்தான் ஒருவர் சம்மதிப்பார் என்று நினைத்திருந்தார்கள். நடந்ததோ வேறு, அவர்கள் நினைத்ததைவிட மிக எளிதாகவே ஆட்கள் சம்மதித்தார்கள். முகத்துக்கு நேரே மறுப்பது அவ்வளவு சங்கடமான வேலை. அந்தச் சங்கடம் கேட்கிறவருக்குத் தெரிவதில்லை.

விற்பனைப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைக் கேட்டால், "பார்த்தீங்களா, தைரியமா கேளுங்க, சரின்னுதான் சொல்வாங்க" என்பார்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். யாரோ ஒருவரிடமே மறுப்பது கடினம் என்றால், தோழியை அருகில் வைத்துக்கொண்டு, லீடர் பேனாவை நீட்டும்போது மறுப்பது எவ்வளவு கடினம்? உங்கள் தோழி போட்ட கையெழுத்து, அந்த இடத்தை விட்டு எழுந்து வர அவருக்குக் கிடைத்த ஒரே வழியாக இருந்திருக்கலாம். பெட்டி பிரிக்கப்படாமல் இருப்பதன் அர்த்தம் அதுதான். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உறவுக்குள் வியாபாரம் வரும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1979இல் செய்த ஆய்வு இதைத் தொடுகிறது. சில உறவுகளில் நாம் கணக்குப் பார்ப்பதில்லை, தேவைப்பட்டால் செய்கிறோம். வேறு சில உறவுகள் கொடுக்கல் வாங்கலில் நிற்பவை. நட்பாகப் பழக விரும்பிய ஒருவருக்கு உதவி செய்தபோது, எதிராளி அதற்கு உடனே கைம்மாறு செய்துவிட்டால், அவர்மேல் இருந்த ஈர்ப்பு குறைந்துபோனதை அவர்கள் கண்டார்கள். கணக்கே இல்லாத இடத்துக்குள் கணக்கு நுழைந்ததும் மனசு பின்வாங்குகிறது. அக்காவுக்கு இப்போது உங்களிடமிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பும் தங்கையின் அழைப்பா, டீம் லீடரின் அழைப்பா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "நேர்ல சொல்றேன்" என்ற அந்த வாசகம் அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. விஷயத்தை மறைத்து ஆளை வரவழைக்கும் அந்த முறையை இன்றோடு விட்டுவிடுங்கள். யாரிடமும் வேண்டாம்.

யாரைச் சேர்ப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் விற்பனை நோட்டை எடுத்து, கடந்த சில மாதங்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் உபயோகத்துக்கு வாங்கியது எவ்வளவு? டார்கெட்டை முடிக்க நீங்களே வாங்கி வைத்துக்கொண்டது எவ்வளவு? புதிதாகச் சேர்ந்தவர் எடுத்த முதல் ஸ்டாக்கால் வந்தது எவ்வளவு? அமெரிக்க வணிக ஆணையம் 1975இல் ஒரு வழக்கில் வகுத்த அளவுகோலும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: சேருவதற்குப் பணம் கட்டிய ஒருவருக்குக் கிடைக்கும் பலன், பொருளை உண்மையில் பயன்படுத்துகிறவருக்கு விற்பதால் வருகிறதா, ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதால் வருகிறதா? ஆள் சேர்ப்பதால்தான் வருகிறது என்றால் அது பிரமிட் திட்டம், சட்டம் அனுமதிக்காதது.

அந்த ஆறு பேர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் 36, அடுத்து 216, அப்புறம் 1,296. இப்படியே போனால் பதின்மூன்றாவது படியில் 1,306 கோடி வரும். உலகத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 800 கோடிதான். ஆகவே எல்லோருக்கும் கீழே டீம் இருக்க முடியாது. கடைசிப் படியில் இருப்பவர்கள்தான் எப்போதும் அதிகம், அவர்களுக்கு விற்பனை ஒன்றுதான் வருமானம். பொருள் விற்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஒருவரைக் கூப்பிடலாம். நோட்டில் மூன்றாவது கணக்குதான் பெரிதாக இருக்கிறது என்றால், ஆள் சேர்ப்பதை உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் உங்கள் பயத்தைப் போக்க நான் உதவ மாட்டேன், அது சரியான பயம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி உண்மையான விற்பனை என்றே நினைக்கிறேன். அப்படியானால் பெயர்ப் பட்டியலை மறுபடி பாருங்கள். அக்காவின் பெயரை அடித்துவிடுங்கள். உங்களுக்குக் கடன்பட்டவர்கள், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் பெயர்களையும் அடியுங்கள், அவர்களால் மறுக்க முடியாது. இப்போது பணமுடையில் தவிப்பவர்களையும் நீக்கிவிடுங்கள். கஷ்டத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் சேருவார்கள் என்று கூட்டங்களில் சொல்லித்தருவதுண்டு. அந்தக் காரணத்துக்காகவே அவர்களைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மீதி இருப்பவர்களில், மாதம் தவறாமல் வாங்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களுக்குப் பொருள் தெரியும். உங்கள்மேல் மரியாதை உண்டு, ஆனால் கடமை இல்லை. மறுத்துவிட்டாலும் அடுத்த மாதம் உங்களிடம் சோப்பு வாங்க அவர்களுக்குக் கூச்சம் இருக்காது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையும் நினைவுக்கு வருகிறது. வேலை தேடியவர்களுக்குப் புதிய வாய்ப்பு பற்றிய தகவல் பெரும்பாலும் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் வழியே வந்தது என்று அவர் காட்டினார். நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்த அதே ஆட்களைத்தான் தெரியும்.

கேட்கும்போது முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: "நான் விக்கிற பொருளை நீங்களும் வித்துப் பார்க்கிறீங்களான்னு கேட்கத்தான் வந்தேன். விருப்பமில்லைன்னா விட்டுடுங்க." இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிரான்ஸில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், உதவி கேட்டுவிட்டு "கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்" என்று சேர்த்துச் சொன்னாலே சம்மதிப்பவர்கள் பல மடங்கு கூடினார்கள். அதாவது இந்த வாக்கியத்தையே தூண்டிலாகவும் பயன்படுத்திவிட முடியும். உங்கள் வாயில் அது உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அன்றைக்கே பதில் வாங்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும், ஒரே ஒரு முறை நீங்களே கேளுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஆர்வம் காட்டுகிறவருக்கு உங்கள் நோட்டைத் திறந்து காட்டுங்கள். நன்றாக ஓடிய மாதம், படுத்த மாதம், திரும்பி வந்த பொருள், டெலிவரிக்கு அலைந்த நேரம், எல்லாம். ஒரு நாள் உங்களோடு கூட்டிப்போங்கள். ஐடி போடுவதற்கு முன்னால் உங்கள் ஸ்டாக்கிலிருந்தே கொஞ்சம் விற்றுப் பார்க்கட்டும். ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் 1973இல், தொலைபேசி இணைப்பக வேலைக்கு வந்தவர்களில் சிலருக்கு வேலையின் நல்லது கெட்டது இரண்டையும் முன்கூட்டியே காட்டினார். அவர்கள் அளவான எதிர்பார்ப்போடு உள்ளே வந்தார்கள், வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. இந்த வழியில் போனால் சேருகிறவர்கள் எண்ணிக்கை குறையும். ஆனால் அலமாரி மேல் இன்னொரு பெட்டி ஏறாது.

போனை எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்கிறீர்களே, வைத்ததும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா? அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. பேச மிகவும் எளிதான வாடிக்கையாளர் ஒருவரை முதலில் கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ண வேண்டாம், எத்தனை பேரிடம் நேர்மையாகக் கேட்டேன் என்று மட்டும் எழுதி வையுங்கள். மறுப்பைக் கேட்டும் உறவு அப்படியே இருப்பதைச் சில முறை பார்த்துவிட்டால் கை நடுக்கம் தானாகக் குறையும்.

தோழி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே நேரில் போங்கள். ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்க வேண்டாம். "உனக்கு இதுல விருப்பம் இல்லைன்னா செய்ய வேண்டிய அவசியமே இல்லை, பெட்டியை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். நிறுவனத்தில் திருப்பி எடுக்கும் கால அவகாசம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்துவிட்டால், உங்கள் வாடிக்கையாளர்களிடம் நீங்களே விற்று, பணத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்றுதான் அவர் வாய் திறக்காமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு செய்தி போதும். "அக்கா, அன்னைக்குப் பேசணும்னு சொன்னது என் பிசினஸ் விஷயம். உங்களை அதுல சேர்க்கப் போறதில்லை, இனி அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்." அப்புறம் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அவராகக் கேட்டால் தவிர பொருளின் பெயர்கூட வர வேண்டாம். அவர் நம்புவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கலாம்.

உங்கள் லீடர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஆறு பேரைச் சேர்த்தால் அவருக்கும் வருமானம் கூடும், அதனால் உங்கள் மனதில் இருப்பது தடையா, நியாயமான கவலையா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவர் இருக்க முடியாது. அவரிடம் மரியாதையாக, தெளிவாகச் சொல்லுங்கள்: "யாரைக் கேட்கணும், எப்போ கேட்கணும்னு நான் பார்த்துக்கிறேன். விஷயத்தைச் சொல்லாம யாரையும் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர மாட்டேன்." கணவரோடும் அந்த நோட்டை வைத்து உட்காருங்கள். ஒருவரும் சேராவிட்டாலும் விற்பனையில் வருவது உங்கள் உழைப்புக்குக் கட்டுப்படியாகிறது என்றால் தொழிலை விட வேண்டியதில்லை. அடுத்த நிலையே எனக்கு வேண்டாம், விற்பனை போதும் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.