நகரச் சண்டையில் பீரங்கிகள்

கேள்வி: நகரங்களில் போர் நடக்கும்போது சூட்டாதரவுக்கு (முன்னேறும் படையினருக்குத் துணையாகப் பின்னாலிருந்து சுடுவதற்கு) தனியான ஆயத்தம் வேண்டும் என்கிறார்களே, பெரிய பீரங்கிகள் கையில் இருந்தால் போதாதா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: போதாது. மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள பள்ளம் இப்பக்கத்துச் சரிவில் நிற்பவருக்கு மறைந்திருப்பது போல, உயர்ந்த கட்டடத்தின் பின்னாலுள்ள தெருவும் தாழ்வாக வரும் எறிகணைக்கு எட்டாது. எறிகணை மேல்மாடியிலேயே மோதி வெடித்துவிடும். அதனால் 45 பாகைக்கு மேல் குழாயை உயர்த்திச் சுடுகிறார்கள், அல்லது எறிகணையை உயரமாக எறியும் குறுங்குழாய் ஆயுதமான மோட்டாரை (mortar) நாடுகிறார்கள். அப்படிச் சுடும்போது எறிகணை வானில் அதிக நேரம் இருப்பதால் காற்று அதனை விலக்கவும் கூடும். எந்தத் தெருவுக்கு எந்த ஆயுதம், இலக்கைக் காட்டும் அவதானிப்பாளர் எந்த மாடியில் நிற்பார், தம் படையினர் எந்தச் சுவர்வரை முன்னேறியுள்ளனர் என்பவற்றை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைப்பதே ஆயத்தத்தின் பெரும்பகுதி. 1942இல் ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சுய்கோவின் படையினர் ஜெர்மானியரை வேண்டுமென்றே நெருங்கி நின்றதால், ஜெர்மானிய விமானங்கள் தம்மவரையும் தாக்க நேருமோ என்று தயங்கின.

நமக்குச் சற்று அருகிலான உதாரணமும் உண்டு. 1944இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்த பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தின் கீழ் இயங்கிய 14ஆவது இராணுவம், 1945 மார்ச்சில் பர்மாவின் மண்டலே நகரிலிருந்த டஃபரின் கோட்டையைச் சூழ்ந்தது. 5.5 அங்குலப் பீரங்கிகளை அருகே கொண்டுவந்து மதிலை நேராகச் சுட்டார்கள். விமானக் குண்டுகளும் விழுந்தன. செங்கல் மதிலுக்குப் பின்னாலிருந்த தடித்த மண்ணணை பெரும் அடியைத் தாங்கிக்கொண்டது. இறுதியில் ஜப்பானியர் தாமாகவே கோட்டையை விட்டு நழுவினர். உள்ளேயிருந்த பர்மிய மன்னர்களின் மர அரண்மனையோ எரிந்து போயிற்று.

எதைச் சுடக்கூடாது என்று தீர்மானிப்பதும் ஆயத்தத்தில் அடங்கும். என் கணிப்பில் அதுவே கடினமான பகுதி. 1945இல் மணிலாவில் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் விமானக் குண்டுவீச்சுக்கு அனுமதி மறுத்தார். ஆனால் பீரங்கிகளுக்கு இருந்த கட்டுப்பாடு சண்டை நீண்டபோது தளர்ந்தது. ஜப்பானியரின் படுகொலைகளாலும் அமெரிக்க எறிகணைகளாலும் சுமார் 100,000 பொதுமக்கள் மாண்டனர் என்பது பரவலான கணிப்பு. தாக்குதலுக்கு முன் பொதுமக்களுக்கான சேதத்தைக் குறைக்க இயன்ற எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறை பின்னர் விதித்தது.

வழிகாட்டப்படும் துல்லிய ஆயுதங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்று சிலர் கருதுகின்றனர். அத்தகைய ஆயுதங்கள் ஏராளமாக இருந்தும், 2017இல் ஈராக்கின் மொசூலில் பழைய நகரம் பெரும்பாலும் இடிபாடாகவே எஞ்சியது.